ஒற்றைத் தும்மல்

பைலி சேட்டன் விலையைச் சொல்ல வாயைத் திறந்த அதே நொடியில் ரமேஷ்பாபுவின் மூக்குக்குள் ஒரு தும்மல் புறப்பட்டுவிட்டது.

தும்மல் சொல்லாமல் கொள்ளாமல் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது படிப்படியாகத்தான் வரும். முதலில் மூக்கின் உள்ளே எறும்பு ஊர்வது போல ஒரு நமைச்சல். அடுத்துக் கண்ணில் நீர் கோக்கும். அதற்கும் அடுத்து, நம்மைக் கேட்காமலே மூச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் பிறகு யார் தடுத்தும் நிற்காது. அதற்கு முன்னால் பிடித்தால் உண்டு.

ரமேஷ்பாபு கண்ணில் நீர் கோத்தபோதே பிடித்துவிட்டான். மிளகுத் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே வைத்து ஆணி அடிப்பது போல அழுத்தினான். அந்த இடத்தில் அழுத்தினால் மூக்கு குழம்பிப்போய், தனக்கு எதற்காக நமைத்தது என்பதையே மறந்துவிடும். மறந்துவிட்டது.

பைலி விலையைச் சொல்லி முடித்தார்.

முதலாளி சங்கரலிங்கம் மெல்லத் திரும்பி ரமேஷ்பாபுவைப் பார்த்தார். பஸ் வருமா என்று ரோட்டைப் பார்ப்பது போன்ற பார்வை.

"ரமேஷு... ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமே இல்லை அண்ணாச்சி!" என்றான் ரமேஷ்பாபு, விரலை எடுக்காமல்.

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். "ஷெரி பைலி. இறக்கிக்கோ."

லாரியிலிருந்து மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட ரமேஷ்பாபுவுக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கடையில் ஒரு வியாபாரம் தன்னால் கெடாமல் தப்பித்துவிட்டது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் அந்தக் கடையில் அவன் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை. மண்டிக்காரருடைய மகன்கள் பெரியவர்களாகி ஆளுக்கொரு மேஜையைப் பிடித்துக்கொண்டதும், இவனுக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. யாரோ கைகாட்டிவிட, கொச்சிக்கு வந்தான். சாம்பிள் பார்க்கிற வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று பேச்சு.

ஆனால் அவன் மனைவி கற்பகம் ஒரு மாதமெல்லாம் பார்க்கவில்லை. பள்ளுருத்தியில் வீடு பிடித்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து, மகள் சுபாஷிணியைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டாள். அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன். கிளம்பும்போது அவர் ரயிலடியில் நின்று சொன்ன வாசகம்: "மாப்பிள்ளைக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே எடுத்திருக்கலாம்."

வேலை போனால் அந்த அண்ணன் வீட்டு மாடி அறைக்குத்தான் போக வேண்டும். ரமேஷ்பாபு மூக்கை அவ்வளவு பலமாக அழுத்தியதற்கு அதுதான் காரணம்.

மிளகாய் மண்டியில் அத்தனை வருடம் இருந்தவனுக்கு மிளகில் என்ன தும்மல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிளகாயின் காரம் வேறு, மிளகின் காரம் வேறு. மிளகாய் தொண்டையைப் பிடிக்கும், இருமல் வரும். மிளகோடு வருகிற தூசி, காம்புத்தூள், உள்ளீடில்லாத பொக்கு எல்லாம் நேரே மூக்கைப் பிடிக்கும். மிளகாய்க்கு மரத்துப்போன ரமேஷ்பாபுவின் மூக்கு, மிளகைப் பொறுத்தவரை பச்சைக் குழந்தையின் மூக்கு.

அது முதல் நாளே தெரிந்துவிட்டது. வேலை கேட்டு வந்து அவன் வாசலில் நின்றபோது, உள்ளே வயநாட்டு வியாபாரி மொய்துட்டி முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். "இதாக்கும் விலை" என்று மொய்துட்டி சொன்னதும், கப்பல் சங்கு ஊதியது போல ரமேஷ்பாபு தும்மினான். ஒரே ஒரு தும்மல்.

முதலாளி கண்ணை மூடிக் கைகளைக் கூப்பினார்.

"ஒத்தைத் தும்மல்! இனி நான் எந்து செய்ய மொய்துட்டிக்கா? எங்க தாத்தா காலத்து ரீதி. சகுனம் தெத்தின கச்சவடம் வேண்டா. ரெண்டு பேருக்கும் தோஷம்."

கச்சவடம் என்றால் அங்கே வியாபாரம். மொய்துட்டி எழுந்து, ரமேஷ்பாபுவை உயிரோடு தோலுரிப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்ப, முதலாளி கூப்பிட்டார்.

"நில்லு. சொல்லிவிட்ட ஆள் நீதானே? மிளகாய் மண்டியிலே இருந்ததா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ சரக்கு தெரியும். நாளைக்கே சேர்ந்துக்கோ."

எவ்வளவு பெரிய மனசு! மறுநாள் கணக்குப்பிள்ளை பிச்சுமணி அவனைத் தனியே அழைத்துப்போய்ச் சட்டத்தைச் சொன்னார். பாலக்காட்டுக்காரர், கடையில் எல்லோரும் அவரைச் சாமி என்பார்கள்.

"ஓய், இங்க விலை சொல்றப்போ ஒத்தைத் தும்மல் விழுந்தா கச்சவடம் இல்லெ. ரெட்டை விழுந்தா ஒறப்பு. அதாக்கும் இங்கத்தெ ரீதி. மறக்கப்படாது, கேட்டீரா?" என்று சொல்லி, அவன் முதுகில் அர்த்தத்தோடு ஒரு தட்டுத் தட்டினார்.

அர்த்தம் ரமேஷ்பாபுவுக்கு நன்றாகவே புரிந்தது. ஒருமுறை மன்னித்தோம், இனி தும்மினால் வெளியே.

பைலியின் மூட்டைகள் இறங்கிய பிறகு அவன் அதிலிருந்து ஒரு லிட்டர் அளந்து பார்த்தான். மிளகை எடை போட்டு மட்டும் வாங்குவதில்லை. ஒரு லிட்டர் படியில் கொட்டி, மேலே ஒரு குச்சியால் வழித்துவிட்டு, அந்தப் படி எவ்வளவு கனக்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே பருப்பு முற்றிய மிளகு கனக்கும். பிஞ்சும் பொக்கும் கலந்திருந்தால் படி நிறைந்திருக்கும், தராசில் எடைக்கல் தட்டு எழும்பாது. பைலியின் மிளகில் தட்டு எழும்பவே இல்லை.

"அண்ணாச்சி, சரக்கு லேசா இருக்கே?"

"எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி.

"பிறகு ஏன் அண்ணாச்சி வாங்கினீங்க?"

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். சம்பள நாள் வரைக்கும் இப்படிக் கேள்வி கேட்கக் கூடாது என்று ரமேஷ்பாபு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விரலை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? குத்தூசியை மூட்டைக்குள் செருகி சாம்பிள் எடுக்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே அடுத்த நாள் அவன் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தான். ஒன்றின் மேல் ஒன்று.

அன்றைக்கு வந்தவர் கட்டப்பனைக்காரர் ஒருவர். வரும்போதே ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து முதலாளியின் காலடியில் வைத்தார். சங்கரலிங்கத்தின் கடையில் இது வழக்கம். விற்க வருகிறவர்கள் எல்லோரும் மூன்று தலைமுறைப் பழக்கம். ஒருவர் நேந்திரம் பழத்தார் கொண்டுவருவார், ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அழைப்பார், ஒருவர் தன் அப்பாவும் முதலாளியின் அப்பாவும் சேர்ந்து மரவள்ளிக் கப்பையும் மீனும் சாப்பிட்ட கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைப்பார். எல்லாம் முடிந்த பிறகு விலையைச் சொல்வார்கள்.

கட்டப்பனைக்காரரும் சொன்னார். முதலாளி திரும்பினார். இரண்டு மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை நிம்மதியாக இருந்தன.

"ஷெரி," என்றார் முதலாளி மெல்லிய குரலில். "இறக்கிக்கோ."

ஆள் போனதும் அவர் கேட்டார். "இது எந்தா ரமேஷு, மூஞ்சியிலே?"

"மாஸ்க் அண்ணாச்சி. சரக்குல எச்சில் தெறிச்சிறக் கூடாதுல்ல?"

"எங்க தாத்தா காலம் முதல் எச்சில் தெறிச்சுத்தான் கப்பல் ஏறுது. கழட்டு. மூக்கு நல்லாக் காத்து வாங்கட்டும்."

குத்திக்காட்டுகிறார் என்று ரமேஷ்பாபுவுக்குப் பட்டது. மறுநாள் அது உறுதியாயிற்று. அதுவரை அவன் நின்ற இடம் வாசலோரம், காயல் காற்று வருகிற இடம். இப்போது அவனுக்கென்று ஒரு ஸ்டூல், கோடவுனுக்குள், பெண்கள் மிளகு சலிக்கிற இடத்தை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. சல்லடையைக் குலுக்கினால் மிளகு கீழே போகும், தூசி மேலே வரும். அந்தத் தூசி வேறெங்கும் போய் வீணாகிவிடாதபடி முதலாளி தன் கையாலேயே ஒரு மேஜை மின்விசிறியைத் தூக்கிவந்து, சல்லடைக்குப் பின்னால் வைத்து, ஸ்டூலைப் பார்த்துத் திருப்பிவிட்டார்.

"இனி இங்கே இருந்தா மதி, அது போதும்," என்றார் அன்பாக. "விலை பேசுறப்போ மட்டும் கூப்பிடுறேன்."

வேலையை விட்டுத் தானாக ஓடட்டும் என்று பார்க்கிறாரா? ரமேஷ்பாபுவுக்கு ரோஷம் வந்தது. அன்று மாலை தோப்பும்படியில் இறங்கி மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கினான்.

"தூக்கம் வருமா?"

"கொஞ்சம் வரும் சேட்டா. பேடிக்க வேண்டா, பயமில்லை."

இந்த மாத்திரையில் ஒரு சங்கதி உண்டு. தும்மலை எழுப்புகிற ஏதோ ஒன்றை உடம்புக்குள் அது அமுக்கி வைக்கிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்றுதான் மூளையையும் விழித்திருக்கச் செய்கிறது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்றும் சேர்ந்து அமுங்கும். அடுத்த நாள் பைலி மறுபடி வந்து, போன தடவையை விட லேசான சரக்குக்குப் போன தடவையை விடக் கூடுதலான விலையைச் சொன்னபோது, ரமேஷ்பாபு தட்டை ஏந்தியபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது.

"கண்டோ முதலாளி!" என்று பைலி துள்ளினார். "சாம்பிள் பார்த்த ஆளே தலையாட்டுது! இனி எந்து வேணும்?"

முதலாளி ரமேஷ்பாபுவைப் பார்த்தார். ரமேஷ்பாபு இன்னொரு முறை பலமாகத் தலையாட்டினான்.

"இறக்கிக்கோ" என்றார் முதலாளி. பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

கோடவுன் நிரம்பி, மூட்டைகள் கணக்கறைக்குள் வந்தன. பிச்சுமணி சாமியின் மேஜை வெளி வராந்தாவுக்குப் போனது. வெயிலில் உட்கார்ந்து கணக்கு எழுதிய சாமி, ரமேஷ்பாபு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோவிலுக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிட்ட பக்தனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

டீ கொண்டுவரும் அம்மிணிதான் ஒருநாள் விஷயத்தை உடைத்தாள்.

"மொதலாளி ரெண்டு மூணு நாளா சாயா குடிக்கிறதில்லை சாரே. நெஞ்செரிச்சலாம்."

"ஏன், என்னாச்சு?"

"உங்களாலேயாம். சாமி சொல்லுது."

"என்னாலயா? நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலியாம். அதாக்கும் கொழப்பமாம்."

ரமேஷ்பாபு மூட்டை அடுக்குகிறான், குத்தூசி போடுகிறான், லிட்டர் பிடிக்கிறான், கோடவுனைக் கூட்டிக்கூடப் பார்த்துவிட்டான். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் கற்பகம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்த மாத்திரையப் போட்டுத் தூங்கி வழிஞ்சா எந்த முதலாளிக்குத்தான் நெஞ்சு எரியாது?"

"போடலேன்னா தும்மல் வருதே!"

"மூக்கு வழியாத்தான வருது? மூக்கையே அடைச்சிருங்க. பஞ்சை உருட்டி நல்லெண்ணெய்ல நனைச்சு உள்ள வச்சா தூசியும் போகாது, தும்மலும் வராது. மூக்கு குத்தினப்ப எனக்கு இப்படித்தான் எண்ணெய் வச்சாங்க."

"அது வெளியில வச்சது, கற்பகம்."

"உள்ள வச்சா இன்னும் நல்லது. நீங்க பேசாம மூக்கக் காட்டுங்க. எங்கண்ணன் நேத்துப் போன் பண்ணி, மாடியில வெள்ளையடிக்கவா வேண்டாமான்னு கேக்குறான்."

ரமேஷ்பாபு மூக்கைக் காட்டினான்.

பஞ்சு பிரமாதமாக வேலை செய்தது. சல்லடைப் பக்கத்தில், மின்விசிறி முழு வேகத்தில் ஓட, அவன் புகைக்குள் நிற்கிற சிலை போல நின்றான். சலிக்கிற பெண்களே தும்மினார்கள், அவன் தும்மவில்லை. ஆனால் மூக்கை அடைத்தால் இரண்டு காரியம் கெட்டுப்போகும். ஒன்று, பேச்சு. சில எழுத்துகளுக்கு மூச்சு மூக்கு வழியாக வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் அவை வேறு எழுத்தாக வேடம் மாறிவிடும். இன்னொன்று, வாசனை. சாம்பிள் பார்ப்பவனுக்கு அதுதான் பிழைப்பு. ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால், மழையில் நனைந்த சரக்கா, பூசணம் பிடித்ததா என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

கட்டப்பனைக்காரர் இன்னொரு பலாப்பழத்தோடு வந்தார். அவர் அவிழ்த்த மூட்டையிலிருந்து வந்த வாடையில் வராந்தாவில் இருந்த பிச்சுமணி சாமியே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ரமேஷு," என்றார் முதலாளி, கண்ணில் ஒரு ஆசையோடு. "நல்லா அடுத்துப் பிடிச்சு முகர்ந்து பாரு. மூக்கோட ஒட்டி. இனியும் அடுத்து."

ரமேஷ்பாபு முகத்தை மிளகுக்குள் புதைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"டல்ல சரக்கு அட்டாச்சி," என்றான் உற்சாகமாக. "பஸ்ட் கிளாஸ்!"

கட்டப்பனைக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துவந்து, டாக்டர் பார்ப்பது போல அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி மூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எந்தா... பஞ்சா?"

"ஆபா அட்டாச்சி."

"எதுக்கு?"

"கட்டுப்பாடு அட்டாச்சி."

"எடு," என்றார் முதலாளி. அவர் கத்தி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை, அன்று கேட்டார்கள். "இப்பவே எடு! ரமேஷு, நான் உன்கிட்டே எந்தெங்கிலும் விரோதம் காட்டியதா? இங்கே யாரும் எதையும் அடக்க வேண்டா. மனுஷன் மனுஷனா இருந்தா மதி. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு அண்ணாச்சி," என்றான் பஞ்சை எடுத்துவிட்டு. மனசிலானது இதுதான்: இனி ஒரே ஒரு தப்பு, அதோடு மாடி அறைக்கு வெள்ளையடித்துவிடுவார்கள்.

மாதம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கும்போது மொய்துட்டி வந்தார். முதல் நாள் ரமேஷ்பாபுவின் தும்மலால் சரக்கோடு திரும்பிப் போனவர். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய லாரி. இவனைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"இந்த மூக்கு இன்னும் இங்கே உண்டோ?"

"இப்போ கொழப்பமில்லை மொய்துட்டிக்கா," என்றார் முதலாளி சோகமாக. "இப்போ அது தும்முறதே இல்லை."

மொய்துட்டி தைரியமடைந்து விலையைச் சொன்னார். சொன்ன விலையைக் கேட்டு பிச்சுமணி சாமி வராந்தாவில் பேனாவைக் கீழே போட்டார்.

அப்போதுதான் நடந்தது. பஞ்சு இல்லை, மாஸ்க் இல்லை, இரண்டு கையிலும் குத்தூசி. சல்லடைப் பெண் ஒருத்தி அந்த நேரம் பார்த்து ஒரு காலிச் சாக்கை உதறினாள். நமைச்சலும் கண்ணீரும் மூச்சும் ஒன்றாக வந்து, கூரைப் புறாக்கள் எல்லாம் பறக்கும்படி ரமேஷ்பாபு தும்மினான்.

ஒன்று.

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகம் ரத்தமாகச் சிவந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து மேலே வந்தன. வராந்தாவிலிருந்து சாமி கதவருகே ஓடிவந்து நின்றார். ரமேஷ்பாபு ஒரு கணம் கற்பகத்தை நினைத்தான், பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்ற மலையாள எழுத்துகளைச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் சுபாஷிணியை நினைத்தான், மச்சானை நினைத்தான். பயத்தில் மனிதனுக்கு மூளை வேலை செய்யும் வேகத்தைச் சொல்லி முடியாது. பிச்சுமணி சாமி முதல் நாள் சொன்ன சட்டத்தின் இரண்டாம் பாதி அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒற்றை விழுந்தால் இல்லை. இரட்டை விழுந்தால் உறுதி.

"ஹா... ஹாச்சூ!" என்று வாயாலேயே இன்னொன்றைத் தும்மினான்.

"ரெட்டை!" என்று கத்தினார் மொய்துட்டி. "ரெட்டையாக்கும் முதலாளி! ஒறப்பு! இனி ஒண்ணும் பறைய வேண்டா!"

முதலாளியின் கைகள் பாதி வழியில் நின்றன. பிறகு அவர் சாக்கு சரிவது போல நாற்காலிக்குள் சரிந்தார். மொய்துட்டி ரமேஷ்பாபுவைக் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு என் வயித்திலே அடிச்ச மூக்கு, இன்னைக்கு பால் வார்த்தது!"

லாரி முழுவதும் இறங்கியது. இடமில்லாததால் பிச்சுமணி சாமியின் மேஜை வராந்தாவிலிருந்து தெருவோரத்துக்குப் போனது. சாயந்தரம் முதலாளி ரமேஷ்பாபுவைக் கூப்பிட்டார். முகத்தை நேரே பார்க்கவில்லை.

"நாளைக்கு மாசம் முடியுது, இல்லியோ?"

"ஆமா அண்ணாச்சி."

"நாளைக்குச் சாயந்தரம் நாம கொஞ்சம் சம்சாரிக்கணும்."

அந்தப் பேச்சு என்னவென்று ஊகிக்க ஜோசியர் தேவையில்லை. காலையில் கற்பகம் சாப்பாட்டுப் பாத்திரத்தை நீட்டியபோது கேட்டாள்.

"எங்கண்ணனுக்கு என்ன சொல்ல?"

"சாயந்தரம் வரைக்கும் ஒண்ணும் சொல்லாத. இன்னைக்கு ஒரு நாள். செத்தாலும் தும்ம மாட்டேன். அண்ணாச்சி மனசு மாறிரும்."

"இப்ப அவரு என்னதான் எதிர்பாக்குறாராம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி அலையுறேன்?" என்று கத்திவிட்டுப் பஸ் பிடித்தான்.

கடை வாசலில், தெருவோரத்து மேஜைக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சில் புதிய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, கழுத்தில் துண்டு, மூக்கு பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது. ரமேஷ்பாபு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு தும்மல் போட்டார். துடைத்துக்கொண்டு இன்னொன்று. மேஜையில் இருந்த பிச்சுமணி சாமி அதை ரசித்துக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

"யாரைப் பாக்கணும்?" என்றான் ரமேஷ்பாபு.

"வேலைக்காக்கும். சேர்லாய்த் தெருவிலேந்து, வெங்கிடராமன். மொதலாளி வரச் சொன்னார்."

ஆக, ஆளே பார்த்துவிட்டார்கள். ஆனால் ரமேஷ்பாபுவுக்கு அந்தப் பரிதாபமான மூக்கைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. தன் இடத்துக்கு வருகிறவன் என்றாலும் மனிதன்தானே. இவருக்கும் வீட்டில் ஒரு கற்பகம் இருப்பாள். இவராவது பிழைக்கட்டும். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"சாமி, நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க. உள்ள போயி மட்டும் தும்மிராதீங்க. விலை பேசுறப்ப ஒத்தைத் தும்மல் விழுந்தா யாவாரமே போச்சு, இங்க அதான் சட்டம். மூக்குல நமைச்சல் வந்த உடனே இந்தா, உதட்டுக்கு மேல இந்த இடத்துல அழுத்துங்க. இப்படி. ஆணி அடிக்கிற மாதிரி. மாஸ்க் போடாதீங்க, முதலாளிக்குப் பிடிக்காது. மாத்திரை போட்டாத் தூக்கம் வரும். பஞ்சு நல்லது, ஆனா வெளிய தெரியாம வைக்கணும்..."

உள்ளேயிருந்து பைலியின் குரல் கேட்டது. புதிய லோடு வந்திருக்கிறது போல. "ரமேஷு, தட்டை எடுத்துட்டு வா," என்று முதலாளி சோர்வாகக் கூப்பிட்டார். "பைலி விலை சொல்லப் போறான்."

ரமேஷ்பாபு எழுந்து, வெங்கிடராமனின் தோளைத் தொட்டான். "எப்பாடு பட்டாவது அடக்கிருங்க சாமி. ஒரு மாசம் அடக்கிட்டா நிரந்தரம்."

வெங்கிடராமன் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அடக்கினா எப்படி ஓய்? மொதலாளிக்கு யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்ல வாய் வராதாம். அதை அவருக்காகச் சொல்ல ஒரு மூக்கு வேணும்னாக்கும் என்னை வரச் சொன்னது. இப்போ இருக்கிற ஆளோட மூக்கு கேடாயிப் போச்சாம்!"